விசித்திரச் சுழல்துப்பாக்கிகள்: கவர்ச்சியும் குறைகளும்

2014-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கான்பூரிலுள்ள படைக்கலத் தொழிற்சாலை ஒரு புதிய சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. அதன் பெயர் ‘நிர்பீக்’. அதற்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்னர், 2012 டிசம்பர் 16-ஆம் நாளிரவு, தில்லியில் ஓடும் பேருந்தொன்றில் ஓர் இளம் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும், அதனையடுத்துத் தலைநகரின் வீதிகளில் திரண்ட மக்கள் கூட்டத்தையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்பெண்ணைப் பத்திரிகைகள் ‘நிர்பயா’ என்றழைத்தன. நிர்பயா, நிர்பீக் என்னும் இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. அச்சமில்லாத என்பது அது.

பெண்களுக்கென்றே நம் நாட்டில் வடிவமைக்கப்பட்ட முதல் துப்பாக்கி என அது அறிமுகப்படுத்தப்பட்டது. உடல் டைட்டேனியக் கலப்பு உலோகத்தால் ஆனது. எடை 500 கிராம். குழலின் உள்விட்டம் .32 அங்குலம். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். விலை ரூ. 1,22,360. நகைப்பெட்டியை ஒத்த கருஞ்சிவப்புப் பெட்டியொன்றில் வைத்து அதனை வழங்கினர்.

கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களையும் பள்ளி ஆசிரியர்களையும், “இத்தகைய கருவி ஒன்று வீட்டிலிருந்தால் நல்லதுதானே?” என்று மக்கள் கேட்பதுண்டு. அவ்வினாவின் ஒரு பாதி சட்டத்தையும் சமூகத்தையும் சார்ந்தது. மறுபாதி யந்திரத்தைச் சார்ந்தது. துப்பாக்கியின் எடையைக் குறைத்தால் வேறு எது கூடுகிறது? வழக்கமான அமைப்பினின்று விலகிய சுழல்துப்பாக்கிகள் கடந்த இருநூறு ஆண்டுகளில் பல தோன்றியுள்ளன. ஒவ்வொன்றும் பார்ப்பவரை மயக்கியது. ஒவ்வொன்றும் அதற்குரிய விலையை வேறோர் இடத்தில் வாங்கிக் கொண்டது. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது ஒன்று. அதைக் கண்டுபிடித்தவர் இந்திய எல்லைப்புறப் போரில் அடிபட்டுத் தேர்ந்த ஓர் அதிகாரி. அவரது கருவியை அறிந்துகொண்டால், கான்பூரின் கருவியை எடைபோடுவது எளிதாகும்.

முதலில் வழக்கமான அமைப்பு. ரிவால்வர் என்று எல்லோரும் வழங்கும் சுழல்துப்பாக்கியில் குழல் ஒன்றே. அதன் பின்னே ஓர் உருளை. உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. விரலால் இழுக்கும் உறுப்பை விசை என்றும், தோட்டாவின் பின்புறத்தைத் தாக்கும் உறுப்பைக் குதிரை என்றும் கூறுவோம். (குதிரை என்பது நம் வேட்டைக்காரர்களிடம் நெடுங்காலமாக வழங்கும் சொல். புதுச் சொல் ஆக்க முனையும் எம் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய சொற்களைத் தேடிப் பாராமல் அகராதியின்மீது பழி போடுவது வழக்கம்.) விசையை இழுத்தால் குதிரை பின்சாய்கிறது, உருளை ஓர் அறையளவு திரும்புகிறது, குதிரை விடுபட்டுத் தாக்குகிறது. ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் கலங்க வேண்டியதில்லை. மீண்டும் இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். இச்சிறப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. உருளை சுழல வேண்டுமானால் அதற்கும் குழலுக்கும் இடையே மயிரிழை போன்றதோர் இடைவெளி இருந்தே தீரவேண்டும். வெடிக்கும்போது வாயுவில் ஒரு பகுதி அவ்வழியே சீறி வெளியேறுகிறது. உருளையைத் திருப்பிக் குதிரையையும் சாய்க்கும் வேலை முழுவதையும் ஒரே விரல் செய்வதால் இழுப்பு கடினமாயிருக்கிறது. குறி தவறுவதற்கு இதுவே பெருங்காரணம். உருளையின் மேலறைக்கு நேராகக் குழல் இருப்பதால், பிடிக்கும் கையைவிட அது உயரத்தில் நிற்கிறது; சுட்டவுடன் குழல்வாய் மேல்நோக்கித் துள்ளுகிறது. மேலும் ஐந்தாறு வெடிகளுடன் தீர்ந்து போகிறது. விசித்திர வடிவங்கள் யாவும் இந்த நான்கு குறைகளுள் ஏதேனும் ஒன்றைத் தீர்க்கப் பிறந்தவையே.

சுழலும் அறைகள் என்ற கருத்து புதிதன்று. திரியால் பற்றவைக்கும் காலத்திலேயே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சுழல் அறைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஒரே திரியில் பதினேழு குழல்கள் வெடிக்கும் அமைப்பொன்று அக்பரின் படைக்கலச் சாலையில் இருந்தது என்று அபுல் பஸல் ‘அயினி அக்பரி’யில் குறிக்கிறார். விரைவாகப் பல குண்டுகளைச் செலுத்த வேண்டும் என்னும் ஆசை அவ்வளவு பழையது. ஆனால் திறந்த மருந்தும் திறந்த நெருப்பும் உள்ளவரை, ஓர் அறையின் தீ மற்ற அறைகளுக்குத் தாவும் அபாயம் நீங்கவில்லை. அடுத்த அறை குழலுக்கு நேரே இல்லாத நிலையில் வெடித்தால் யாருக்குக் கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எலிஷா காலியர் என்ற அமெரிக்கர் 1818-இல் லண்டனில் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் சுழல்துப்பாக்கிக்கு உரிமை பெற்றார். அதன் பின்னர் 1830-இல், பதினாறு வயதுச் சிறுவனாகிய சாமுவேல் கோல்ட் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘கார்வோ’ என்னும் பாய்க்கப்பலில் கல்கத்தாவுக்குப் பயணமானான். அப்பயணத்தின்போதுதான் சுழல் உருளையின் மாதிரியை அவன் மரத்தில் செதுக்கினான் என்பர். கப்பலின் சுக்கான் சக்கரம் ஒவ்வொரு நிலையிலும் பூட்டி நிறுத்தப்படுவதைக் கண்டு தனக்கு அவ்வெண்ணம் எழுந்ததாகக் கோல்ட் பிற்காலத்தில் சொல்லி வந்தார். காலியரின் துப்பாக்கியை முன்பே கண்டிருக்க வேண்டும் என்று ஐயுறுவாரும் உளர். எப்படியாயினும் உலகறிந்த ரிவால்வரின் மரக்கருவொன்று வங்கக் கடலை நோக்கி வந்த கப்பலில் உருவாயிற்று என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தியே. கோல்ட் 1836-இல் அமெரிக்க உரிமை பெற்றார். 1851-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ், விசையை இழுத்தாலே குதிரையும் சாயும் அமைப்பைக் கொணர்ந்தார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இவ்விருவகைத் துப்பாக்கிகளும் இந்தியாவிலிருந்த ஆங்கில அதிகாரிகளிடம் இருந்தன.

இனி, நாம் முன்னர்ச் சுட்டிய அதிகாரிக்கு வருவோம். ஜார்ஜ் வின்சென்ட் பாஸ்பரி வங்காளப் படையைச் சேர்ந்தவர். 1863-இல் வடமேற்கு எல்லையில், இப்போது பாகிஸ்தானில் உள்ள அம்பேலாக் கணவாயில் நடந்த போரில், செங்குத்தான பாறைமீதிருந்த காவல் நிலையொன்று கைமாறிக் கைமாறி வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அதனை மீட்கச் சென்ற வீரர்களுள் ஒரு பகுதியினரை நடத்திச் சென்றவர் பாஸ்பரி. அதற்காக விக்டோரியா சிலுவை பெற்றார். படைவேலையை விட்ட பின்னர் அவர் துப்பாக்கிக் கலையிலேயே மூழ்கினார். 1885-இல் அவர் வகுத்த ‘பாரடாக்ஸ்’ என்ற வேட்டைத் துப்பாக்கி, குழலின் பெரும்பகுதி வழுவழுப்பாகவும் வாயருகே மட்டும் சுருள்வரிகளுடனும் அமைந்தது. ஒரே குழலில் பறவைக்குச் சிறு ரவையும் புலிக்குப் பெருங்குண்டும் செலுத்தலாம் என்பதால் இந்தியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயர் அதனை விரும்பி வாங்கினர். தொலைவிலுள்ள இலக்குக்கு அது உண்மையான ரைபிளுக்கு ஈடாகாது என்பது உடன் வந்த குறை.

அவரது அடுத்த முயற்சிதான் நம் கட்டுரைக்கு உயிர்நாடி. துப்பாக்கி வெடிக்கும்போது கையைப் பின்னே தள்ளுகிறதல்லவா? வீணாகும் அத்தள்ளலையே வேலை வாங்கினால் என்ன என்று அவர் எண்ணினார். 1895-இல் உரிமை பெற்று, வெப்லி நிறுவனத்தாரால் செய்யப்பட்டு, 1900-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த ‘வெப்லி-பாஸ்பரி’ தானியங்கிச் சுழல்துப்பாக்கி அவ்வெண்ணத்தின் விளைவு. அதன் உடல் இரு பகுதிகள். கைப்பிடியும் விசையும் கீழ்ப்பகுதி. குழலும் உருளையும் மேற்பகுதி. மேற்பகுதி கீழ்ப்பகுதியின் மேல் தண்டவாளத்தில் வண்டி போல வழுக்கிச் செல்லும். உருளையின் வெளிப்புறத்தில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதியில் நிலையாகப் பொருத்திய ஒரு முளை அப்பள்ளத்தில் ஓடும். குண்டு பாய்ந்ததும் மேற்பகுதி பின்செல்கிறது. முளை உருளையை அரை அறையளவு திருப்புகிறது. குதிரையும் சாய்ந்து பூட்டிக்கொள்கிறது. சுருள்வில் மேற்பகுதியை முன்னே தள்ளுகையில் மீதி அரை அறையும் திரும்பிவிடுகிறது. அடுத்த வெடிக்கு விரல் செய்ய வேண்டியது மெல்லிய அழுத்தம் ஒன்றே. கடின இழுப்பு என்ற குறை அறவே நீங்கிற்று; .455 அங்குலத் தோட்டாவின் முரட்டு உதைப்பும் வழுக்கும் தூரத்தில் பரவி மென்மையாயிற்று. இலக்குப் போட்டிக்காரர்கள் மகிழ்ந்தனர். இயங்கும்போது காண்பதற்கு இதைவிட அழகிய சுழல்துப்பாக்கி இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. உருளையின்மீது ஓடும் அவ்வளைகோடுகளைக் கண்டு ஆவல் கொள்ளாத மாணவன் யந்திரம் கற்பதற்கு ஆகான்.

ஆயினும் பிரிட்டிஷ் படை அதனைத் தன் முறையான ஆயுதமாக ஏற்கவில்லை. அதிகாரிகள் சிலர் சொந்தப் பணத்தில் வாங்கி முதல் உலகப் போருக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அகழிகளின் சேறு வழுக்குத் தளத்திலும் பள்ளங்களிலும் புகுந்து இயக்கத்தைத் தடுத்தது. சேறு மட்டும் காரணமன்று. இது பின்னுதைப்பால் இயங்குவது. உதைப்பு வேலை செய்ய வேண்டுமானால் கீழ்ப்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். அதாவது சுடுவோன் முழங்கையையும் மணிக்கட்டையும் உறுதியாக வைத்திருக்க வேண்டும். தளர்ந்த கையில் கீழ்ப்பகுதியும் சேர்ந்தே பின்செல்லும். உருளை பாதியில் நின்றுவிடும். காயம்பட்டவன், ஓடுபவன், குதிரைமீது இருப்பவன் ஆகியோருக்கு உறுதியான கை எங்கிருந்து வரும்? இன்னொன்றும் உண்டு. தோட்டா ஒன்று வெடிக்காவிடில் உதைப்பு இல்லை. உதைப்பு இல்லையேல் உருளை திரும்பாது. குதிரையைக் கட்டைவிரலால் சாய்த்தாலும் அதே பழுதான தோட்டாவே எதிரில் நிற்கும். மேற்பகுதியைக் கையால் பின்னே தள்ளித்தான் அடுத்த அறையைக் கொணர வேண்டும். மீண்டும் இழுத்தால் போதும் என்று முன்னே கூறினோமே, சுழல்துப்பாக்கியின் அந்தத் தலையாய சிறப்பே பறிபோயிற்று. எடையோ ஒன்றேகால் கிலோகிராமை எட்டிற்று. செய்யப்பட்டவை ஐயாயிரத்துக்கும் குறைவே. இதே தத்துவத்தை இத்தாலியின் ‘மடேபா’ துப்பாக்கி 1990-களில் மீண்டும் எடுத்தாண்டது, அதுவும் பரவவில்லை.

பாஸ்பரியின் கருவி விரலின் சுமையை நீக்கி அதனை முழங்கையின்மீது ஏற்றிற்று. பிற வடிவங்களிலும் இந்தச் சுமைமாற்றம் நிகழக் காணலாம். பெல்ஜியத்தின் லெயோன் நகான் வகுத்து ரஷ்யப் படை 1895-இல் ஏற்ற துப்பாக்கி, வாயுக்கசிவைத் தடுக்க முனைந்தது. அதில் குதிரை சாயும்போது உருளை முழுவதும் முன்னே நகர்ந்து குழலை அணைத்துக்கொள்ளும். குண்டையும் மூடி நீண்டிருக்கும் தோட்டாவின் வாய் குழலினுள் நுழைந்து இடைவெளியை அடைக்கும். கசிவு நின்றது, குண்டின் வேகம் சிறிது கூடிற்று. அந்த நகர்வுக்கான உழைப்பும் விரலின்மேலேயே விழுந்ததால் விசையிழுப்பு மிகக் கடினமாயிற்று. சுட்ட தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியேற்றி, புதியவற்றை ஒவ்வொன்றாகவே நிரப்ப வேண்டியிருந்தது. எனினும் அது உழைத்தது. அரை நூற்றாண்டுக் காலம் ரஷ்யாவில் செய்யப்பட்டது. விசித்திர வடிவங்களுள் இத்தகைய நீண்ட வாழ்வு பெற்றது வேறில்லை எனலாம்; ஒரு பேரரசின் படை தத்தெடுத்துக்கொண்டதே அதன் நல்லூழ்.

வெடிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லெ மா. 1856-இல் அவர் உரிமை பெற்ற துப்பாக்கியின் உருளையில் ஒன்பது அறைகள், உருளையின் அச்சாகவே ஒரு பெருங்குழல், அதில் ரவைகள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநில அதிகாரிகள் அதனை விரும்பினர். கனத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். குழலின் துள்ளலைத் தீர்த்தது இத்தாலியில் 2009-ஐ ஒட்டி வெளிவந்த ‘ரைனோ’. மேலறைக்குப் பதிலாகக் கீழறையினின்று அது சுடுகிறது. குழல் கையின் மட்டத்துக்கு இறங்குவதால் உதைப்பு நேரே பின்னால் வருகிறது. இது நல்ல யந்திரவியல்தான். ஆனால் விசைக்கும் குதிரைக்கும் இடையே நெம்புகோல்கள் கூடி உள்ளமைப்பு சிக்கலாகிறது.

இப்பொழுது கான்பூருக்குத் திரும்புவோம். நம் நாட்டில் படையினரும் போலீசாரும் பயன்படுத்தும் வாயளவுகளைப் பொதுமக்கள் வைத்திருக்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. எனவே தொழிற்சாலைகள் உரிமம் பெற்ற குடிமக்களுக்கென .32 அங்குலச் சுழல்துப்பாக்கியைச் செய்துவந்தன. அது பழைய வெப்லி முறையில், நடுவே கீலில் மடிந்து திறப்பது. மடக்கியவுடன் வெற்றுத் தோட்டாக்கள் அனைத்தும் ஒருங்கே எழும்பி விழும், இது வசதி. கீலும் மேற்கொளுவியும் பொறுக்குமளவு மென்மையான தோட்டாவையே அதில் இடலாம், இது வரம்பு. உருளை பக்கவாட்டில் விலகும் அமைப்புக்கு உலகின் பெரும்பாலான தொழிற்சாலைகள் மாறிய பின்னும் நம்மவர் பழையதை விடவில்லை. ஒருவகையில் அதுவே இன்று விசித்திர வடிவமாகிவிட்டது. நிர்பீக் இக்குடும்பத்தில் பிறந்ததுதான். புதுமை அதன் உலோகத்திலும் எடையிலும் இருந்தது.

எடைக் குறைப்பின் விளைவை ஆசிரியர்கள் வகுப்பில் எளிய கணக்காகவே காட்டலாம். குண்டின் எடை 6 கிராம், வேகம் விநாடிக்கு 200 மீட்டர் என்று கொள்வோம். வெடிமருந்து வாயுவைக் கணக்கில் சேர்க்காது விடுவோம். குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெற வேண்டும் என்பது நியூட்டன் விதியின் விளைவு. 750 கிராம் துப்பாக்கியானால் அது விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். 500 கிராம் ஆனால் 2.4 மீட்டர். பின்னுதைப்பின் ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னதில் 0.96 ஜூல், பின்னதில் 1.44 ஜூல். எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். கை வாங்கும் அடி ஒன்றரை மடங்காயிற்று. .32 மென்மையான தோட்டாவாதலால் இவ்வடி தாங்க முடியாததன்று. ஆனால் யாருக்காக எடை குறைக்கப்பட்டதோ, துப்பாக்கியைக் கையாண்டு பழகாத அவரே அக்கூடுதலையும் வாங்கிக்கொள்கிறார்.

விசையிழுப்பிலும் இவ்வாறே. குதிரையைச் சாய்க்காமல் நேரே இழுத்துச் சுடும்போது விரல் செலுத்தும் விசை துப்பாக்கியின் எடையைவிடப் பன்மடங்கு. கனமான துப்பாக்கி தன் சடத்துவத்தால் அவ்விழுப்பை ஓரளவு தாங்கி நிற்கும்; இலேசானது விரலுடன் சேர்ந்து சாயும். இதனை அறிய எவரும் சுடத் தேவையில்லை. ஒரு கிலோ எடைக்கல்லையும், காலித் தீப்பெட்டியையும் தனித்தனியே மேசைமீது வைத்துச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்க்கலாம். இலேசான கருவி எடுத்துச் செல்வதற்கு நண்பன், சுடுவதற்கு அல்ல. ஆகவே பயிற்சி குறைவாக வேண்டும் என்று தோற்றுகிற துப்பாக்கிக்கே பயிற்சி மிகுதியாக வேண்டியிருக்கிறது. பயிற்சிக்குச் செலவாகும் தோட்டாக்களும் எளிதில் கிடைப்பன அல்ல.

உரிமம் என்பது தனிக்கதை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி இருபத்தோரு வயது நிரம்பாதவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. 2016-ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் வற்புறுத்துகின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இவற்றை ஊழியர்கள் கிராமத்தாருக்கு எடுத்துக் கூறுதல் நலம்; உரிமமின்றி வைத்திருத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அழுத்தமாகவே கூறவேண்டும்.

நிர்பீக் வெளிவந்தபோது எழுந்த கண்டனங்களுள் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குத் துப்பாக்கி வாங்கக்கூடிய பெண் இரவுப் பேருந்துக்காகக் காத்து நிற்பவள் அல்லள் என்றனர். நியாயமான கூற்றே. ஆயுதக் குறைப்புக்காகப் பாடுபடுவோர், தாக்கப்படுபவரின் கைத்துப்பாக்கி தாக்குபவரின் கைக்கு மாறும் அபாயத்தைச் சுட்டிக் காட்டினர். இக்கட்டுரையாளருக்கு இவ்விரண்டினும் மேலாகத் தோன்றுவது காலக் கணக்கு. பல தாக்குதல்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தொடங்குகின்றன. பெட்டியினின்றோ கைப்பையினின்றோ துப்பாக்கியை எடுத்து, உறுதியாகப் பிடித்து, கடினமான விசையை இழுப்பதற்கான விநாடிகளை எந்த டைட்டேனியமும் குறைத்துத் தரவில்லை. பாஸ்பரியின் துப்பாக்கி அசையாத முழங்கையை வேண்டிற்று. நிர்பீக்கோ அசையாத மனத்தையும் முன்னரே அறிந்த எதிரியையும் வேண்டுகிறது. உலோகவியலாரின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. டைட்டேனியத்தைக் கடைந்து துளையிடுவது எத்துணைக் கடினம் என்பதை அத்தொழில் அறிந்தவர் அறிவர். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி உலோகத்தால் விடை காணத்தக்க கேள்விதானா என்பதே ஐயம்.

அதன்பின் இன்னும் இலேசான, 250 கிராம் அளவிலான .22 அங்குலத் துப்பாக்கி ஒன்றும் ‘நிடர்’ என்ற பெயரில் வெளிவந்தது. அப்பெயருக்கும் அச்சமில்லாத என்பதே பொருள். 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ்த்தான் நமது திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையும் வருகிறது. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்னும் புதிய .32 அங்குலச் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. கீலில் மடியும் பழைய முறை அதில் இல்லை. உலகெங்கும் வழங்கும் முறைப்படி உருளை பக்கவாட்டில் விலகுகிறது. குறிதூரம் 50 மீட்டர் என்கின்றனர். எடை மீண்டும் 700 கிராமுக்கு ஏறியிருக்கிறது.